அக்கரைக்குப் போவது எப்படி?

ஆற்றைக் கடந்து அக்கரை போக வேண்டுமானால் ஓடம் இருக்கிறது, பரிசல் இருக்கிறது, வெள்ளம் வடிந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தும் போய்விடலாம். கடலைக் கடக்கக் கப்பலும் ஆகாய விமானமும் இருக்கின்றன. சந்திர மண்டலத்துக்கே மனிதன் 1969-ஆம் வருஷத்தில் போய் இறங்கிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டான். ஆனால் பெரம்பலூர் ஜில்லாவில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலைக்கு இந்தப் புறத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டி, அந்தப் புறத்தில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போவது எப்படி? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விஞ்ஞானம் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லையோ என்று சந்தேகப்படும்படி இருக்கிறது.

உண்மையில் விடை கண்டுபிடித்து வெகு காலம் ஆகிவிட்டது. அந்த விடை நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்து சேர ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான் இந்த வாரம் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு நாலாம் வகுப்புக் கணக்கு

முன்பு 45-ஆம் நம்பர் என்று பெயர் பெற்றிருந்து, இப்போது 38-ஆம் நம்பராகிவிட்ட தேசிய நெடுஞ்சாலை, பெரம்பலூர் ஜில்லாவை வடக்கிலிருந்து தெற்காக வகிடு எடுத்தது போல் பிரித்துக்கொண்டு போகிறது. நான்கு தடங்கள், நடுவிலே ஒரு திட்டு, திட்டின்மேல் அரளிச் செடிகள். மோட்டாரில் போகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான பிரயாணம் வேறு கிடையாது. விழுப்புரம் தாண்டிக் கண்ணை மூடினால் சமயபுரத்தில் வந்து கண்ணைத் திறக்கலாம். கண்ணை மூடுகிறவர் வண்டி ஓட்டுகிறவராக இல்லாதிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஆனால் இந்தச் சாலை அகலமாவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே கிராமங்கள் இருந்தன. வீடு ஒரு புறம், வயல் மறு புறம். பள்ளிக்கூடம் ஒரு புறம், ரேஷன் கடை மறு புறம் என்று வாழ்ந்து பழகியவை அவை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. களை பறிக்கப் போகிற ஸ்திரீகளும், புல்லுக்கட்டோடு திரும்புகிற கிழவர்களும், புத்தகப் பையோடு ஓடுகிற குழந்தைகளும் தினந்தோறும் சாலையைக் கடந்தே ஆகவேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அங்கே தரிசன நாட்கள். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, அம்மனைத் தரிசித்துவிட்டு, திருச்சிக்கே பஸ்ஸில் திரும்புகிற பக்தர், வரும்போதோ போகும்போதோ ஒரு தடவை நெடுஞ்சாலையின் எதிர்ப்புறம் போய்த்தான் தீரவேண்டும். இதில் அவருக்கு வேறு வழி கிடையாது.

அவர் கடப்பது எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாலாம் வகுப்புக் கணக்குத்தான்.

ஒரு திசைக்கு இரண்டு தடம். தடம் ஒன்றுக்கு மூன்றரை மீட்டர். ஆகவே கடக்க வேண்டிய தூரம் குறைந்தது 7 மீட்டர். திடகாத்திரமான மனிதர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். அவருக்கு ஏறக்குறைய 6 விநாடி வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அந்த 6 விநாடியில் 130 மீட்டர் வந்துவிடும். நம்முடைய பாட்டியோ இடுப்பில் கூடையுடன் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பாள். அவளுக்கு ஏறக்குறைய 9 விநாடி ஆகும். அதற்குள் வண்டி 200 மீட்டர் வந்துவிடும். ஆகவே சாலையில் கால் வைப்பதற்கு முன்னால், 200 மீட்டர் தூரத்துக்கு அப்பால் இருட்டில் தெரியும் இரண்டு விளக்குப் புள்ளிகளைப் பார்த்து, வருவது லாரியா காரா, என்ன வேகத்தில் வருகிறது என்று பாட்டி நிர்ணயம் செய்ய வேண்டும். இது யோகசித்தி கைவந்த முனிவர்களுக்குச் சாத்தியமாகலாம். கண்ணில் புரை விழுந்த பாட்டிக்குச் சாத்தியமா? அப்படியே தாண்டி நடுத்திட்டை அடைந்துவிட்டாலும், அரளிச் செடிகளுக்கிடையில் ஒண்டி நின்றுகொண்டு, அந்தக் கணக்கை மறு பாதிக்காக இன்னொரு முறை போட்டாக வேண்டும்.

இப்போது வண்டியோட்டியின் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், ஆபத்தைக் கண்டு, மனத்தில் வாங்கி, காலால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 120 மீட்டர் தூரம் வேண்டும் என்று இந்திய நாட்டுச் சாலைப் பொறியியல் வகுத்திருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகமாயிருந்தால் 45 மீட்டர் போதும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பாட்டிக்கும் லாரிக்கும் இடையே உள்ள வழக்கு முழுவதையும் இந்த இரண்டு எண்கள் தீர்த்துவிடுகின்றன. ஊர் நடுவே 80 கிலோமீட்டர் வேகத்தை அனுமதித்துவிட்டு, "ஜாக்கிரதையாகப் போகக்கூடாதா?" என்று இரண்டு பேரையும் கடிந்துகொள்வதில் பிரயோஜனமே இல்லை. இரண்டு பேருமே ஜாக்கிரதையாக இருந்தாலும் கணக்கு ஒத்துவராது.

கல் கொடுத்த ஊர்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே அரியலூருக்குப் போவோம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அது கடலாயிருந்த பூமி. அந்தக் கடலில் வாழ்ந்த பிராணிகளின் கல்லாய்ப்போன உடல்களை வாரணவாசியில் ஒரு காட்சிசாலை அமைத்தே வைத்திருக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுச் சென்ற சொத்துத்தான் சுண்ணாம்புக்கல். 1979-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்காரே அரியலூரில் ஒரு சிமெண்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. தனியாரின் பெரிய ஆலைகளும் சுற்றுவட்டாரத்தில் எழும்பின. இன்று தேசத்தின் பாலங்களிலும் மாடமாளிகைகளிலும் அரியலூர்க் கல் கலந்திருக்கிறது.

சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் லாரியிலே போகிறது. ஆலையிலிருந்து சிமெண்டும் லாரியிலே வெளியே போகிறது. அந்த லாரிகள் கிராமத்துச் சாலைகளின் வழியாகத்தான் போகவேண்டும். உயரமான லாரியின் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, முன்புறத்தை ஒட்டி நிற்கும் சிறு குழந்தை கண்ணில் படவே படாது என்பது லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்லைக் கொடுத்த ஊர், அந்தக் கல்லால் உண்டான போக்குவரத்தைத் தாண்டி எதிர்ப்புறம் போகத் தவிக்கிறது. அந்தச் சிமெண்டில் ஒரு சில மூட்டைகள் ஊருக்குள்ளேயே ஒரு நடைமேடையாகவும், தெருவைக் கடக்க ஒரு மேடான கடவையாகவும் உருமாறினால் அது தர்மமல்லவா?

இன்னொரு சங்கதியும் அரியலூரைப் பற்றி நாம் நினைவில் வைக்க வேண்டும். 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 23-ஆம் தேதி விடியற்காலையில், மழை வெள்ளத்தினால் மருதையாற்றுப் பாலம் பழுதாகி, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே வருஷத்தில் மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்துக்காகவே அவர் ராஜிநாமாக் கொடுக்க முன்வந்திருந்தார். பிரதம மந்திரி நேரு அப்போது அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடியும் ராஜிநாமாக் கொடுத்தார்; இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியின் மேல் குற்றம் இருப்பதாகக் கருதி அவர் அப்படிச் செய்யவில்லை. பொறுப்பு என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தேசத்துக்கு அது ஒரு முன்மாதிரியாக இருக்கும் என்று கருதியே ஏற்றார். மருதையாற்றிலே ரயிலைத் தள்ளியது வெள்ளம். ஆயினும் டில்லியில் இருந்த ஒருவர், "இது என் இலாகா; ஆகவே என் பொறுப்பு" என்றார். அரியலூரின் பெயர் தேசமெங்கும் தெரிந்தது துக்கத்தினால் மட்டுமல்ல. அந்த ஒரு வார்த்தையினாலும்தான்.

இரண்டு நாளைக்கு ஒரு ரயில்

இனி வேறொரு கணக்கு. 2022-ஆம் வருஷத்தில் இந்தியா தேசத்தில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் காலால் நடந்து போனவர்கள் 32,825 பேர். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 பாதசாரிகள். அதாவது, மருதையாற்றில் விழுந்த ரயிலில் போனதைவிட அதிகமான உயிர்கள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை நம் தெருக்களில் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வருஷத்தில் விபத்துக்களின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதல் ஸ்தானம் நம் தமிழ்நாட்டுக்கு. சாவின் எண்ணிக்கையில் 17,884 பேருடன் இரண்டாவது ஸ்தானம். வேறு எதில் முதலாவதாக வந்தாலும் பெருமைப்படலாம்.

இரண்டு நாளைக்கு ஒரு ரயில் ஆற்றில் விழுந்தால் இந்தத் தேசம் சும்மா இருக்குமா? பார்லிமெண்டு அதிராதா? பத்திரிகைகள் தலையங்கம் எழுதாவா? பின் ஏன் இவ்வளவு நிசப்தம்? காரணம் மிகவும் எளிது. ரயிலில் போனவர்கள் ஒரே சமயத்தில் போனார்கள். சாலையில் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒரு ஊரில் ஒரு கிழவி. இன்னொரு ஊரில் ஒரு மாணவன். மற்றோர் ஊரில் பால் வாங்கப் போன ஒரு தாய். ஒவ்வொன்றும் பத்திரிகையின் உள் பக்கத்தில் நாலு வரி. நாலு வரிக்காக எந்த மந்திரி ராஜிநாமாச் செய்வார்? எந்த என்ஜினீயர் இராத்திரி தூக்கம் வராமல் புரளுவார்?

நம் சட்டதிட்டங்களுக்குள்ளேயும் இந்தப் புத்தி புகுந்துகொண்டிருக்கிறது. விபத்து மிகுந்த இடங்களுக்குக் "கரும்புள்ளி" என்று பெயர் சூட்டி, அவற்றை முதலில் சீர்திருத்த வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரும்புள்ளி என்ற அந்தஸ்தைப் பெறுவதற்கு அவர்கள் வகுத்த இலக்கணத்தைக் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷங்களில், சாவோ கொடுங்காயமோ விளைந்த ஐந்து விபத்துக்கள் நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். ஐந்துக்குப் பதில் நான்கே விபத்து நடந்த ஊரின் கதி என்ன? இன்னும் ஒன்று நடக்கும் வரையில் அந்த ஊர் பரீட்சையில் தேறவில்லை என்றுதானே அர்த்தம்? சாலையை வரைபடமாகப் பார்க்கும்போதே, இங்கே பள்ளிக்கூடம், அங்கே பஸ் நிறுத்தம், நடுவில் ஜனங்கள் கடப்பார்கள் என்று ஒரு சிறுவனால்கூடச் சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொள்ளப் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடப்பவர்கள் மேல் குற்றமா?

"எல்லாம் சரி ஐயா! நம் ஜனங்கள் எங்கே ஒழுங்காகக் கடக்கிறார்கள்? கண்ட இடத்தில் குறுக்கே விழுந்து ஓடுகிறார்கள். நடுத்திட்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள். நடை மேம்பாலம் கட்டிக் கொடுத்தாலும் அதில் ஏறுவதில்லை" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இந்த வாதத்தையும் கவனிப்போம்.

நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் கட்டினால், உயரமான லாரிகள் அடியில் போவதற்காக ஐந்தரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டருக்கு மேலே போய்விடும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏற 40 படிக்கு மேல். இறங்க 40 படிக்கு மேல். ஆக, ஏழு மீட்டரும் ஏழு மீட்டருமாகச் சாலையின் குறுக்கே போக வேண்டிய பாட்டி, மலைக்கோட்டைக்கு ஒத்திகை பார்ப்பது போல் ஏறி இறங்க வேண்டும். நூறு குதிரைச் சக்தியுள்ள மோட்டார், சமதரையில் வழுக்கிக்கொண்டு போகும். முழங்கால் வலிக்காரி மேலே ஏற வேண்டும். இந்தப் பாலத்தில் ஜனங்கள் ஏறவில்லையென்றால் ஆச்சரியம் என்ன? ஏறினால்தான் ஆச்சரியம்.

இதையே தலைகீழாகச் செய்தால் எல்லாம் சரியாய்விடும். சாலை மேலே எழும்பட்டும். ஜனங்கள் கீழே தரையோடு தரையாக நடந்து போகட்டும். சென்னை - திருச்சி சாலையிலேயே சில சந்திப்புகளில் இப்படி அமைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் யாரும் குறுக்கே விழுந்து ஓடுவதில்லை. ஓட வேண்டிய அவசியமே இல்லை. மனிதர்களின் சுபாவம் தண்ணீரின் சுபாவத்தைப் போன்றது. கிட்டத்தில் இருக்கும் வழியிலேதான் பாயும். தண்ணீரைத் திட்டி யாரும் வாய்க்கால் வெட்டுவதில்லை. தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். சாலைக்கும் அதே நியாயம்.

சரி, எல்லா ஊரிலும் பாலம் கட்டப் பணத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 1934-ஆம் வருஷத்தில் பாதசாரிகள் கடக்கும் இடங்களில் கம்பம் நட்டு, அதன் தலையில் மஞ்சள் உருண்டை விளக்கு வைத்தார்கள். மறு வருஷமே, வீடுகள் அடர்ந்த இடங்களில் மணிக்கு 30 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். வரிக்குதிரையைப் போல் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளைத் தரையில் போட்டது அதற்கெல்லாம் பிறகு, 1951-இல்தான். வேகத்துக்குக் கடிவாளம் முதலில். வெள்ளைக் கோடு பின்னால். நாமோ கடிவாளத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெறும் சுண்ணாம்புக் கோட்டைக் கண்டு லாரி நிற்குமா? இராவணன்கூட இலக்குமணன் போட்ட கோட்டுக்குத்தான் பயந்ததாகச் சொல்லுவார்கள். முனிசிபாலிடி போட்ட கோட்டுக்கு அல்ல!

ஆகவே கோட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. ஊர் எல்லைக்கு முன்னாலேயே சாலையில் அதிர்வுப் பட்டைகள் போட்டு, வண்டிகளின் வேகத்தை 40-க்குக் கொண்டுவர வேண்டும். நடுத்திட்டில் கடக்கும் இடத்தில் அரளிச் செடியை அகற்றிவிட்டு, நாலு பேர் பத்திரமாக நிற்கும்படி தளம் போட வேண்டும். அப்போது குழந்தையை ஓட்டுநரும் பார்க்கலாம், ஓட்டுநரைக் குழந்தையும் பார்க்கலாம். கடக்கும் இடத்துக்கு நேர் மேலே இராத்திரியில் நல்ல வெளிச்சம் வேண்டும். பஸ் நிறுத்தத்தைக் கடக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் தள்ளி வைக்க வேண்டும். பஸ்ஸுக்கு முன்புறமாகக் குறுக்கே போகிறவர்களைப் பின்னால் வருகிற வண்டி பார்க்க முடியாதாகையால் எத்தனையோ உயிர்கள் போகின்றன. அரியலூர்ப் பக்கத்தில், பள்ளிக்கூடம் கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கல் லாரிகள் ஊருக்கு வெளியே சற்று நின்று வரலாம். கோடி வருஷம் காத்திருந்த கல், இன்னும் அரைமணி நேரம் காத்திருந்தால் கெட்டுப் போகாது.

பட்டணத்துத் தெருக்களுக்கு வேறு வைத்தியம். பெரம்பலூர் பாலக்கரை போன்ற சந்திப்புகளிலும், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றின் வாசல்களிலும், கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கே மேடாக எழுப்பிவிட வேண்டும். பாதசாரி இறங்க வேண்டாம். மோட்டார்தான் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நடைபாதையும் உண்மையாகவே நடப்பதற்கு இருக்க வேண்டும். நம் ஊர்களில் நடைபாதையில் பழக்கடை உண்டு, செருப்புத் தைக்கிறவர் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, மின்சாரப் பெட்டி உண்டு. நடக்க மட்டும் இடம் கிடையாது. மனம் வைத்தால் இதையும் மாற்றலாம் என்பதற்குச் சென்னைத் தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரே சாட்சி. 2019-ஆம் வருஷத்தில் அங்கே மோட்டாருக்கான இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு அகலமான பாதை அமைத்தார்கள். பட்டணத்து ஜவுளி வாங்குகிறவர்களுக்குச் செய்ததை, ஜில்லாத் தலைநகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாதா?

"இதெல்லாம் சீமையில் நடக்கும், நம் ஊரில் நடக்குமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்வீடன் தேசத்துப் பார்லிமெண்டு 1997-ஆம் வருஷத்தில், சாலையில் ஓர் உயிர்கூடப் போகக்கூடாது என்பதையே தேசத்தின் கொள்கையாகத் தீர்மானித்தது. தவறு செய்வது மனித சுபாவம்; அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இல்லாதபடி சாலையை அமைப்பது, அமைக்கிறவர்களின் பொறுப்பு என்பது அந்தக் கொள்கையின் சாரம். அதன் பக்கத்து நாடான நார்வேயின் தலைநகரம் ஆஸ்லோ. ஏறக்குறைய ஏழு லட்சம் ஜனங்கள் வாழும் அந்த நகரத்தில் 2019-ஆம் வருஷம் முழுவதும் ஒரு பாதசாரிகூட, ஒரு சைக்கிள்காரர்கூடச் சாலையில் சாகவில்லை. அரியலூர் ஜில்லாவின் ஜனத்தொகை 2011-ஆம் வருஷக் கணக்குப்படி ஏழரை லட்சம். ஜனத்தொகையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இருப்பது எண்ணத்தில்.

யார் பொறுப்பு?

பொறுப்பு என்ற வார்த்தை நம் சட்டப் புத்தகத்தில் இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ஆம் வருஷத்தில் கொண்டுவந்த திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. சாலையை விதிப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. கோயமுத்தூரைச் சேர்ந்த எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் வருஷத்தில் சாலை விபத்துக்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்புகளை ஒட்டவைக்கும் வைத்தியர், எலும்பை முறிக்கும் சாலைகளைப் பற்றியே கேள்வி கேட்கத் துணிந்தார். அந்த வழக்கில்தான் 2025-ஆம் வருஷம் மே மாதத்தில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கோர்ட்டார் சொன்னார்கள். இதற்கு மேல் சட்டத்திடம் நாம் என்ன கேட்பது?

நம் ராஜாங்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாமல் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தொடங்கினார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் அவர்களை வாழ்த்துவார்கள். ஆனால் விழுந்தவரைத் தூக்குவதற்குக் காட்டுகிற அக்கறையை, விழாமல் தடுப்பதற்கும் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு சிறிய யோசனை. ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டரின் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பாதசாரி எங்கே இறந்தாலும், ஒரு வாரத்துக்குள், அந்தக் கமிட்டியைச் சேர்ந்த சாலை என்ஜினீயரும் போலீஸ் அதிகாரியும் போக்குவரத்து அதிகாரியும், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரோடு, அதே இடத்தில், அதே வேளையில் போய் நிற்கட்டும். இராத்திரி எட்டு மணிக்கு இறந்திருந்தால் இராத்திரி எட்டு மணிக்கே நிற்கட்டும். ஒரு தடவை அவர்களே நடந்து சாலையைக் கடந்து பார்க்கட்டும். பிறகு இன்ன காரியம், இன்ன தேதிக்குள், இன்னார் செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். பத்துப் பேர் சாகும் வரையில் காத்திருக்க வேண்டாம். ஒருவர் போதும், ஒருவரே அதிகம். சாஸ்திரியைப் போல் ராஜிநாமாச் செய்யுங்கள் என்று நாம் யாரையும் கேட்கவில்லை. ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறோம்.

நடந்தே சுயராஜ்யம் வாங்கிய தேசம் இது. 1930-ஆம் வருஷத்தில் மகாத்மா தண்டிக்கு நடந்தார். அதே வருஷம் ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு வேதாரணியத்துக்கு நடந்தார். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அந்தத் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவையே. இன்றும் இந்த இரண்டு ஜில்லாக்களிலிருந்தும் மஞ்சள் உடுத்திச் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். வயலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்து போகிறார்கள். கால்தான் அவர்களுடைய வாகனம். லைசென்ஸ் வேண்டாத அந்த வாகனத்துக்குத்தான் இந்த மண்ணில் முதல் உரிமை.

இதைப் படிக்கும் நம்மில் பலர் வீட்டில் கார் இருக்கலாம். மோட்டார் சைக்கிள் நிச்சயம் இருக்கும். ஊர்ப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டதும் வேகத்தை 40-க்குக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றால், அதைச் சுற்றிக்கொண்டு பாய்வதற்கு முன், அதற்கு முன்னால் யாரோ கடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதும் நம் கையில்தான் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. உங்கள் ஊரில் ஜனங்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள், அங்கே என்ன குறை என்று அரைத் தாளில் எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் அம்மன் தரிசனம் தருவதும் திங்கட்கிழமை. இரண்டு சந்நிதியிலும் ஒரே நாளில் முறையிட்டுவிட்டு வரலாம். திரும்பி வரும்போது சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்து நடங்கள்.